பதறாத காரியம் சிதறாது



பெட்டகத்தின் சாவி தொலைந்துவிட்டால், அதனுள் இருந்த நகையும் தொலைந்ததென்று எவரும் ஒப்பாரி வைப்பதில்லை. பூட்டுத் திறப்பவனை அழைத்தால் திறந்து தருவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், இக்காலத்தில் நாம் படங்களையும் பத்திரங்களையும் வைத்துப் பேணும் மின்பெட்டகங்களின் விஷயத்தில் மட்டும், சாவி தொலைந்த அன்றே பெட்டகத்தைத் தீயிலிட்டுவிடும் அவசரம் நம்மவரிடையே மிகுந்து காணப்படுகிறது. அழிந்தன என்று கைவிடப்படும் கோப்புகள் பல உண்மையில் அழிந்தவையல்ல. அவற்றை மீட்பதாக எண்ணிக்கொண்டு நாம் செய்யும் காரியங்களே அவற்றை அழிக்கின்றன.

இவ்வாரம் இதனை எழுதத் தூண்டியது சகோதரி ஒருவரின் கடிதம். அவருடைய கணவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. பிள்ளைகளின் படங்கள், குடும்பத்தின் காணி உறுதிகளின் பிரதிகள், மறைந்த மாமியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு ஆகிய யாவற்றையும் அவர் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சேமிப்புப் பெட்டியில் ஒழுங்காக வைத்திருந்தாராம். சென்ற மாதம் இடி மின்னலோடு மின்சாரம் நின்று மீண்டபொழுது பெட்டியில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன; கோப்புகள் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, “முழுவதையும் புதிதாக்கித் தருகிறேன், பெட்டி பழையபடி வேலை செய்யும்” என்றாராம். “செய்விக்கலாமா?” என்று சகோதரியார் வினவுகிறார்.

வேண்டாம் என்பதே என் முதல் விடை. பெட்டி வேலை செய்யும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. வேலை செய்யும்; ஆனால் வெறும் பெட்டியாக வேலை செய்யும். சகோதரியார் கேட்பது பெட்டியை அன்று, அதனுள் இருந்தவற்றை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை விளங்கிக்கொள்ள, பெட்டியின் உள்ளே சற்றுப் பார்த்தல் வேண்டும்.

பெட்டியின் உள்ளே

‘நாஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் இப்பெட்டி உண்மையில் ஒரு சிறு கணினியே. திரையும் விசைப்பலகையும் அதற்கு இல்லை. வீட்டு வலையமைப்பில் இணைந்திருந்து, வீட்டிலுள்ள கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அனுப்புவனவற்றை ஏற்றுத் தன் வன்தட்டுகளில் எழுதி வைப்பதே அதன் தொழில். வீடுகளில் உள்ள இத்தகைய பெட்டிகளுட் பெரும்பாலானவற்றை இயக்குவது லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளாகும். பின்னர் இது நமக்கு உதவப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்க.

ஒரு தட்டுப் போதாதோ, பல தட்டுகள் எதற்கு என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டு இயந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சிலே சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும். அக்காலந்தொட்டுப் பெரிய தட்டுகள் பெரிய விலைக்கே விற்றன. 1988ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், காத் கிப்சன், றண்டி காற்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டின் வேலையை மலிவான பல சிறு தட்டுகளின் அணி செய்யும் என்பது அவர்களின் கருத்து. தட்டுகள் பலவானால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகுமே? அதற்கு மாற்றாக, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து அதனை மீளக் கணித்துக்கொள்ளும் வழிகளையும் வகுத்தார்கள். ‘றெயிட்’ என்று இன்று வழங்குவது அவர்கள் இட்ட பெயரே.

கணிக்கும் வழி மிக எளிது. மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்னும் எண்களை எழுதி, நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20ஐ எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது தட்டு பழுதானால், 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழிக்க, இழந்த 4 வந்துவிடும். எந்த ஒரு தட்டுப் போனாலும் எஞ்சிய மூன்றும் விடை சொல்லும். இரண்டு போனால் கணக்குத் தீராது. இயந்திரம் உண்மையில் கையாள்வது 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களையே. ஆதலின் முழுத்தொகையை எழுதாமல், ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. இவ்விதம் அமைந்ததை ஐந்தாம் தரம் என்பர். இரண்டு தட்டுகள் போயினும் தாங்கும்படி இருவகைக் கணக்கு வைப்பது ஆறாம் தரம். ஒன்றைப்போல் மற்றொன்றை அப்படியே எழுதுவது முதலாம் தரம். எந்தக் காப்பும் இன்றி, வேகத்துக்காக மட்டும் பங்கிட்டு எழுதுவது பூச்சியத் தரம். இதில் ஒரு தட்டுப் போனால் யாவும் போனதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். ஐந்தாம் தரத்தில் ஒரு படம் ஒரு தட்டில் முழுதாக இருப்பதில்லை. அது துண்டுகளாக அரியப்பட்டு வரிசையாக எல்லாத் தட்டுகளுக்கும் பங்கிடப்படுகிறது. ஒரு துண்டு 64 கிலோபைற்று என்று கொண்டால், 4 மெகாபைற்று அளவுள்ள ஒரு படம் 64 துண்டாகும். நான்கு தட்டுகளுள்ள பெட்டியில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 16 துண்டுகள் இருக்கும். ஆகவே, ஒரு தட்டை மாத்திரம் கழற்றிக்கொண்டு கடைக்குச் சென்று, “இதிலுள்ள படங்களை எடுத்துத் தாருங்கள்” என்பது, கிழித்த கடிதத்தின் காற்பங்கைக் கொடுத்து முழுவதையும் வாசிக்கச் சொல்வது போலாகும்.

முதல் உதவி

சிவப்பு விளக்கைக் கண்டதும் செய்ய வேண்டியது யாதெனில், பெட்டியை முறைப்படி நிறுத்துதலே. மீண்டும் மீண்டும் மின்னைக் கொடுத்துப் பார்ப்பது, நோயாளி மூச்சு வாங்கும்பொழுது ஓடச் சொல்வதற்கு ஒப்பு. பெட்டியிலிருந்து ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டு ஓசை எழுந்தால் உடனே நிறுத்துக. தட்டின் மேற்பரப்பிலிருந்து எழுத்தூசி சில நானோமீற்றர் உயரத்திலேயே மிதக்கிறது. நமது தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 80,000 நானோமீற்றர். அவ்விடைவெளியில் ஒரு தூசி புகுந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் வன்தட்டை வீட்டிலே திறத்தல் ஆகாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சிலர் கூறும் வைத்தியமும் ஆகாது. ஈரம் படிந்து இருந்ததும் கெடும்.

அடுத்து, தட்டுகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என்று அறை எண்ணை ஒட்டுக. எது எந்த அறையில் இருந்தது என்பது தெரிந்தால் மீட்பவருக்கு வேலை குறையும்.

மூன்றாவதாக, திரையிலே தோன்றும் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொல்லற்க. “புதிதாக்கவா?”, “மீளக் கட்டவா?”, “வடிவமைக்கவா?” என்றெல்லாம் பெட்டி கேட்கும். புதிதாக்கினால், எந்தத் தட்டு அணியில் எத்தனையாவது, துண்டின் அளவு என்ன என்னும் பழைய குறிப்பின்மேல் புதிய குறிப்பு எழுதப்படும். கோப்புகளின் அட்டவணை மீதும் புதிய வெற்று அட்டவணை ஏறும். சில பெட்டிகள் அத்தோடு நில்லாமல் காப்புக் கணக்கையும் தொடக்கத்திலிருந்து திருப்பி எழுதத் தொடங்கும். பழுதான இரண்டில் நல்லது எது என்று அறியாமலே அதன்மேல் எழுதிவிட்டால், எந்த நிபுணராலும் திருப்ப இயலாது.

இனி மீட்கும் முறை. நல்ல மீட்பாளர் மூலத்தட்டில் ஒருபொழுதும் வேலை செய்யார். ஒவ்வொரு தட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை வேறொரு தட்டுக்கு அப்படியே படியெடுத்து, அப்படியை வைத்தே முயல்வார். இதற்கென ‘டிடி றெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள் ஒன்றுண்டு. நம்மூர் அரிவிவெட்டுக்காரர் நன்றாய் விளைந்த வயலை முதலில் அறுத்துவிட்டு முள்மண்டிய மூலைக்குப் பின்னர் செல்வது போல, இதுவும் எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் படியெடுத்து, பழுதான இடங்களுக்கு இறுதியில் திரும்பி வரும். எதுவரை வாசித்தது என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ளும். ஆகவே இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 4 தெராபைற்றுத் தட்டு நான்குக்கும் படி எடுக்க 16 தெராபைற்று இடம் வேண்டுமே என்று மலைக்கலாம். செலவுதான். ஆனால், தவறினால் மீண்டும் முயலலாம் என்ற நிலை அச்செலவினால் மாத்திரமே கிடைக்கிறது.

படிகள் ஆயத்தமான பின், எந்த மூன்றைச் சேர்ப்பது என்னும் கேள்வி எழும். லினக்ஸ் பெட்டிகளில் இதற்கு விடை தட்டுகளிலேயே எழுதப்பட்டுள்ளது. அணியில் மாற்றம் நிகழுந்தோறும் ஒவ்வொரு தட்டும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வரும். நான்கினுள் மூன்று ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட, ஒன்று மட்டும் மிகவும் பின்தங்கியிருந்தால், அது பல மாதங்களுக்கு முன்னரே அணியை விட்டு விலகியது என்பது பொருள். விளக்கு அன்றே சிவந்திருக்கும், எவரும் கவனித்திரார். பழைய கணக்குள்ள அத்தட்டைச் சேர்த்தால் புதியதும் பழையதும் கலந்து படங்கள் சிதையும். அதனை விலக்கி, எஞ்சிய மூன்றையும் எழுத இடங்கொடாது வாசிக்க மட்டும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

சகோதரியாரின் பெட்டியிலோ மின்சாரம் நின்று மீண்ட கணத்தில் இரண்டு தட்டுகள் ஒருங்கே விலகியதாகத் தெரிகிறது. அப்படியானால் நான்கின் எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கக்கூடும். தட்டுகளின் பொறி கெடாதவிடத்து யாவும் திரும்பக் கிடைப்பது அரிதன்று. இதனை நான் உறுதிமொழியாகச் சொல்லவில்லை. மின்னல் தட்டின் மின்சுற்றையே எரித்திருந்தால், தூசி நீக்கிய அறையும் உதிரிப் பாகங்களும் உடைய ஆய்வுகூடத்தாரிடம்தான் செல்ல வேண்டும். எவரிடம் கொடுத்தாலும், “மூலத்தட்டில் வேலை செய்வீர்களா, படியில் செய்வீர்களா?” என்று ஒரு கேள்வியை முதலிற் கேளுங்கள். படியெடுப்பது எதற்கு என்று திருப்பிக் கேட்பவரிடம் தட்டைக் கொடாதீர்கள்.

பெட்டி செத்தாலும் தட்டு வாழும்

ஒரு தட்டு மட்டும் பழுதாகி மற்றவை இயங்கும் நிலையில் கோப்புகள் யாவும் தெரியும். அப்பொழுது பலரும் உடனே புதிய தட்டை வாங்கிச் செருகுகின்றனர். பொறுத்தல் நன்று. புதிய தட்டை நிரப்ப, எஞ்சியவற்றை முழுவதும் வாசித்தாக வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைற்று வேகத்தில் 4 தெராபைற்றை வாசிக்க 7 மணி நேரத்துக்கு மேலாகும். பல பெட்டிகளில் தட்டுகள் யாவும் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே வயதினர் ஒருமிக்கத் தளர்வதும் உண்டு. ஆகவே முதலில் அருமையான கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்துவிட்டு, அதன் பின்னரே தட்டை மாற்றுக. மாற்றும்பொழுது பழுதான தட்டின் தொடர் இலக்கத்தைப் பார்த்துக் கழற்றுக. அவசரத்தில் நல்ல தட்டைக் கழற்றி அணியைக் கலைத்தவர்கள் உளர்.

சில வேளை தட்டுகள் நலமாயிருக்கப் பெட்டியே செத்துப்போவதுண்டு. இது பயப்படத்தக்கதன்று. அதே நிறுவனத்தாரின் ஒத்த வகைப் பெட்டியில் அதே வரிசையில் செருகினால் ஏற்றுக்கொள்ளுமா என்று அவர்களின் கைந்நூலில் பார்க்கலாம். இல்லாவிடின், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்கும் ஒரு சாதாரண கணினியில் எல்லாத் தட்டுகளையும் இணைத்தால், அது அணியை இனங்கண்டு திறப்பதுண்டு. பெட்டியும் லினக்ஸ் என்று மேலே சொன்னதன் பயன் இது. விண்டோஸ் கணினியில் இணைத்தால், தட்டின் மொழி அதற்குத் தெரியாததால், “இத்தட்டை வடிவமைக்க வேண்டும்” என்று சொல்லும். அச்சொல்லுக்கு இணங்கற்க. கோப்புகள் மறைகுறியில் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் திறவுச்சொல் இன்றி எவராலும் பயனில்லை. அதனைத் தாளில் எழுதி வீட்டில் இன்னொருவர் அறிய வைத்தல் நன்று. குடும்பத் தலைவர் ஒருவரே அறிந்திருந்து மறைந்துவிட்டால், தட்டு வாழ்ந்தும் படம் வாழாது.

கை தவறி அழித்தால்

பழுது ஒன்றுமின்றி நாமே அழித்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பெட்டியின் குப்பைக்கூடையைப் பார்க்க. அவ்வசதி முன்னரே இயக்கப்பட்டிருந்தால் கோப்பு அங்கிருக்கும். சில பெட்டிகள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை கணப்பதிவு எடுத்து வைக்கும். அதில் நேற்றைய நிலை அப்படியே கிடைக்கும். இரண்டும் இல்லையெனில் எழுதுவதை உடனே நிறுத்துக. அழித்த கணத்தில் அட்டவணையிலுள்ள பெயரே நீங்குகிறது. உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டில் கிடக்கும். ‘போட்டோறெக்’ என்னும் இலவச மென்பொருள், நிழற்படக் கோப்பு ஒவ்வொன்றும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி அவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. பெயரும் அடைவும் திரும்பா. ஆயிரக்கணக்கான படங்களைக் குவியலாகக் கொடுக்கும். முன் சொன்ன துண்டுக்கணக்கை மறவாது, அணியைச் சேர்த்த பின்னரே இதனை இயக்குதல் வேண்டும்.

கள்வரும் உளர். 2021 ஏப்ரலில், கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளுள் இணையத்தின் வழியே புகுந்தவர்கள் கோப்புகளைப் பொதி செய்து கடவுச்சொல்லிட்டு, மூலத்தை அழித்து, பணம் கேட்டார்கள். அழித்த மூலங்கள் தட்டில் கிடந்தமையால், மேற்சொன்ன மென்பொருளைக் கொண்டே சிலர் தம் படங்களை மீட்டனர். அதே ஆண்டு ஜூனில், வெஸ்டேர்ண் டிஜிற்றல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்னும் பழைய பெட்டிகள், தொலைவிலிருந்து வந்த கட்டளையால் ஓரிரவில் வெறுமையாயின. அவற்றின் மென்பொருள் 2015க்குப் பின் திருத்தப்படவில்லை. பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்து வைத்தல் தெருவாயிலைத் திறந்துவிட்டு உறங்குவதாகும் என்பது இவற்றால் விளங்கும்.

நிழல் வேறு, துணை வேறு

நான்கு தட்டு இருக்கிறதே, இனிக் கவலை இல்லை என்று எண்ணுவதே இவ்விஷயத்தில் பெரிய மயக்கம். பல தட்டுகளின் அணி, ஒரு தட்டின் சாவைத் தாங்கும், அவ்வளவே. நாம் அழித்தால் எல்லாத் தட்டிலும் உடனே அழியும். கள்வன் பூட்டினால் எல்லாவற்றிலும் பூட்டுவான். வெள்ளமும் தீயும் பெட்டியைப் பெட்டியாகவே கொண்டு செல்லும். படி என்பது வேறிடத்தில், வேறு கையில் இருத்தல் வேண்டும்.

1998ஆம் ஆண்டில், ‘டோய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப்படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்தில், ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகள் பெரும்பகுதி அழிந்தன. படியெடுக்கும் ஏற்பாடு இருந்தது; ஆனால் அது சரியாக இயங்கவில்லை என்பதை அன்றுதான் கண்டார்கள். அந்நிறுவனத்தைச் சேர்ந்த கலின் சுஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றுவதற்காகத் தம் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையாற் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்து, அதிலிருந்தே படத்தை மீட்டார்கள். பெரிய நிறுவனத்தின் இயந்திரங்களால் ஆகாதது, தொட்டிலருகே இருந்த ஒரு பிரதியால் ஆயிற்று.

நம் முன்னோர், செல்லரிக்குமுன் பழைய ஏட்டைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர்; அப்பழக்கமே நமக்கும் வேண்டியது. நிழற்படக் கலைஞரான பீற்றர் குறோ பரப்பிய 3-2-1 என்னும் விதி இதனைச் சுருங்கச் சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. பெட்டியில் ஒன்று, அலுமாரியில் உள்ள தனித் தட்டில் ஒன்று, மணம் முடித்துச் சென்ற மகள் வீட்டில் ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறும். அலுமாரித் தட்டைப் படியெடுத்தவுடன் கழற்றி வைக்க வேண்டும். செருகியே கிடந்தால் மின்னலுக்கும் கள்வனுக்கும் அதுவும் இரையாகும். நமது நாட்டில் பருவக்காற்றுகள் மாறும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை மிகுதி. அம்மாதங்களுக்குள் தடையிலா மின்வழங்கி ஒன்றைப் பெட்டிக்கு வாங்கிக் கொடுத்தல் வீண்செலவன்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவின் பின் பெட்டியின் அருகே சென்று, விளக்குகள் என்ன நிறம் என்று பாருங்கள். பழுது கண்டால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டானால், அதனை இயக்குங்கள். அறை எண்களை இப்பொழுதே ஒட்டிவிடுங்கள். பின்னர் அலுமாரியிலுள்ள படியை எடுத்து, அதிலிருந்து ஐந்து படங்களையேனும் உண்மையாகத் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி படியாகாது. அரைமணி நேர வேலை. அதனைப் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்யலாம்.